லொறியடிக்குப் புதுப்பெயர்

3 ஜூன் 2024
வாசிகசாலைக்கு இன்று பதினொரு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் மின்விசிறிக்காக. ஒருவர் போனுக்குச் சார்ஜ் போட. மிச்சமிருந்தவர் அபிவிருத்திச் சங்கத் தலைவர் இராசதுரை அண்ணன். ஊரின் பெயரை மாற்றப் போகிறார்களாம். வாசிகசாலைப் பொறுப்பாளர் என்ற முறையில் நான் ஊர் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டுமாம். இரண்டு வங்கியும் ஒரு சுப்பர் மார்க்கெட்டும் வந்த பிறகும், செங்கலடியில் பஸ் ஏறி ‘லொறியடிக்கு ஒண்டு’ என்று டிக்கெட் கேட்க வெட்கமாக இருக்கிறதாம்.

புதுப்பெயர் பொன்னகர். இங்கே பொன் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நகைக்கடை ஒன்று வரப்போகிறது என்றார்.

9 ஜூன்
இந்த ஊரில் ஆவணம் என்று இருப்பது தையல்கடைப் பக்கீர் காக்கா மட்டும்தான். ஏறாவூர்க்காரர், எழுபத்தாறு வயது. மெசினை மிதித்தபடியே சொன்னார்.

அறுபத்தொன்பதில் இங்கே பற்றைக்காடும் ஒரு ரோட்டும் இரண்டு மூன்று வீடும்தான். கரடியனாற்றிலிருந்து நெல் ஏற்றி வந்த லொறி ஒன்று மாரி மழையில் அச்சு முறிந்து நின்றது. சாரதி வினாயகமூர்த்தி லொறிக்குக் காவல் இருந்தார். கொழும்பிலிருந்து வரவேண்டிய புது அச்சு வரவே இல்லை. கடைசியில் முதலாளியும் லொறியைக் கைவிட்டார். வினாயகமூர்த்தி லொறிக்குப் பக்கத்தில் தேத்தண்ணி விற்றார். பஸ்காரர்கள் நிறுத்திக் குடித்தார்கள். ‘லொறியடியில இறக்கம்’ என்றார்கள். தொண்ணூறில் சண்டை தொடங்க, சனம் லொறியின் தகரத்தைப் பங்கர்க் குழி மூடக் கழற்றிக்கொண்டு போனது. லொறி போனது, பெயர் போகவில்லை.

அந்த வினாயகமூர்த்தி இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டினார். மகன்தான் நம் இராசதுரை அண்ணன்.

“அந்த லொறி ஓடியிருந்தா அவர் பொறந்தே இரிக்க மாட்டார் புள்ள,” என்றார் காக்கா, நூலைப் பல்லால் கடித்துவிட்டு.

14 ஜூன்
பக்கத்தைக் கொடுத்தேன். இராசதுரை அண்ணன் சிவப்புப் பேனையால் லொறியை வெட்டினார். லொறியை வெட்டினால் இந்த ஊர் வரலாற்றில் மிஞ்சுவது மூன்று வரி. அதில் ஒன்று மழை.

எனக்குக் கோபம். ஆனால் போகும்போது அவர், கதவைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் தன்னை ‘முறிஞ்ச லொறி’ என்றுதான் கூப்பிட்டார்கள் என்றார். கோபம் போய்விட்டது. கொஞ்சம் இருக்கிறது.

2 ஜூலை
சந்தியில் பச்சைப் பலகை வைத்தாயிற்று. பொன்னகர். பக்கீர் காக்கா அதைப் பார்த்துவிட்டு, எழுத்து நல்ல வடிவு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

20 ஜூலை
தங்கச்சி பிரஷாந்தியின் கல்யாணக் கார்ட் அச்சாகி வந்தது. மாப்பிள்ளை நிலோஜன், நாவற்குடா. கல்யாணப் பேச்செல்லாம் அங்கேதான்; அவர்கள் எங்கள் ஊருக்கு இன்னும் வந்ததில்லை. மண்டபத்தின் பெயருக்குக் கீழே பொன் எழுத்தில் ‘பொன்னகர்’. அம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். சொல்ல வெட்கம்தான் — நானும் தடவினேன்.

8 செப்டெம்பர்
இன்று கல்யாணம். எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

சுபநேரம் 10.12 முதல் 10.57. மாப்பிள்ளை வீட்டார் ஒன்பதரைக்கு வரவேண்டும். பத்தேகால் — ஆளைக் காணோம். நிலோஜனுக்குப் போன் எடுத்தேன்.

“அக்கா, பொன்னகர் எங்க எண்டு கேட்டுக் கேட்டு வாறம். ஒருத்தருக்கும் தெரியா.”

போன் வரைபடத்தில் பார்த்தால் பொன்னகர் வடக்கில் கிடக்கிறதாம். அதை நம்பாமல் வேன்காரர் தன் மூளையை நம்பி, கரடியனாற்றுக்கும் அங்கால் ஒரு வட்டைக்குள் போய் நிற்கிறார். சுற்றிவர வயல், முன்னால் எருமைகள். நம் சந்தியைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். பச்சைப் பலகையைப் புதுப் போன் கடையின் விளம்பரத் துணி மூடிக் கிடந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தோம்.

ஐயோ, இனி என்ன செய்யிற? அம்மாட முகத்த எப்பிடிப் பாக்கிற? உள்ளுக்க கூறையோட இரிக்கிறவளுக்கு என்னத்தச் சொல்ற?

வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற இராசதுரை அண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“தம்பி, வேனைத் திருப்புங்க. ரோட்டில காண்ற ஆரிட்டயாவது லொறியடி எங்க எண்டு கேளுங்க.”

அந்தப் பக்கம் விளங்கவில்லை போல. இன்னும் சத்தமாகச் சொன்னார்.

“லொறியடி. ஓம், லொறி. லொறி!”

மண்டபம் முழுக்கக் கேட்டது. நாதஸ்வரக்காரர் கூட நிறுத்திவிட்டார்.

10.49க்கு வேன் வந்தது. மாப்பிள்ளையின் வேட்டிக் கரையில் சேறு. கால் கழுவியது பாதி, ஓடியது பாதி. 10.55க்குத் தாலி ஏறியது. அம்மா மயங்குவார் என்று பயந்தேன். மயங்கியது மாப்பிள்ளையின் மாமா.

9 செப்டெம்பர்
நித்திரை.

17 செப்டெம்பர்
பலகையைக் கழற்றுவது என்று சங்கத்தில் தீர்மானம். முன்மொழிந்தவர் தலைவரே.

பின்னேரம் வாசிகசாலைக்கு வந்தார். நான் முதலில் எழுதிய பக்கம் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

“ஒரு பிழை இரிக்கி, தங்கச்சி.”

மறுபடியும் சிவப்புப் பேனைதான் என்று நினைத்தேன்.

“அச்சு வரல்ல எண்டு எழுதியிரிக்கா. அது ஒரு மாசத்திலயே வந்திட்டு. அப்பாக்குத் திரும்பிப் போக மனமில்ல. அவர்தான் அதக் கொண்டுபோய் ஒரு கிணத்துக்குள்ள போட்டவர். சாகக்குள்ள என்னட்ட மட்டும் சொன்னவர்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர்தான் முதலில் சிரித்தார்.

இதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். பக்கத்தை மடித்து மேசையில் வைத்தார்.

“எழுது,” என்றார். “ஆனா அது எங்கட அம்மாட வீட்டுக் கிணறு எண்டு போட்டிராத.”