பீப்பாயின் அடியில் நின்ற பாகு

என் தங்கச்சியைக் கண் கலங்காமல் வைத்திருந்த அன்பு மாப்பிள்ளை வீரமுத்துவுக்கு,

இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். தோட்டத்து லயத்தில் எந்த வீட்டுக் காம்பராவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஹட்டன் கடைத்தெரு வரைக்கும் போய்ச் சொன்னேன். வீரமுத்து திருடவில்லை, அந்த மிதப்புக் கண்ணாடிதான் பொய் சொல்கிறது என்றேன். யார் கேட்டார்கள்?

இன்றைக்கு உங்கள் வருஷத் திதி. படையல் முடிந்ததும் இந்தக் கடுதாசியை எல்லாரும் கேட்க நானே படிக்கப் போகிறேன். தங்கச்சி பாக்கியம் எதிரே உட்கார்ந்திருப்பாள். உங்கள் பெரிய மகள் இப்போது தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள், கூடை நிறையாமல் இறங்குவதில்லை. ஆனால் மலையில் அவளுக்கு 'மால்ட்டுக்காரன் மகள்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் பங்களாவில் சமையல். தோட்டத்துத் துரைக்குத் தன் வீட்டிலேயே பியர் காய்ச்ச ஆசை வந்தது. கொழும்பிலிருந்து மால்ட்டு டின் வரும். கருப்பட்டிப் பாகு மாதிரி கருப்பு, அதே இனிப்பு. அதைத் தண்ணீரில் கரைத்து, கசப்புப் பூ போட்டுக் கொதிக்கவிட்டுப் பீப்பாயில் ஊற்றினீர்கள். அப்புறம் கோடு வரைக்கும் பச்சைத்தண்ணீர். துரை மேலாக ஒரு கரண்டி மொண்டு, உயரமான கிளாசில் ஊற்றி, அந்த மிதப்புக் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டார். இனிப்பு கூடினால் குழல் எழும்பும், குறைந்தால் முங்கும். புத்தகப்படி நாற்பதில் நிற்க வேண்டியது இருபத்திரண்டில் நின்றது.

"டின்னுல பாதி எங்கே? உன் புள்ளைங்க தின்னுருச்சா?"

"இல்லைங்க துரை" என்பதற்கு மேல் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் மாப்பிள்ளை பேசவில்லை? மறுநாளே கையில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் காய்ச்சல். கள்ளன் என்ற பேரோடு போய்விட்டீர்கள்.

போன மாதம் பங்களாவுக்கு விறகு கொண்டுபோனேன். நாலு பேர் சுமக்கிற கட்டு, நான் ஒருவனே. அடுப்படியில் புதுச் சமையல்காரன் அந்தோணி வியர்த்துப்போய் நின்றான். மறுபடியும் பியர், இந்தத் தடவை இருபத்துமூன்று.

"நீயும் கள்ளன்தானா?" என்றார் துரை.

"டின்ன வெட்டுனது நீங்க. வெந்நி ஊத்தி வழிச்சதும் நீங்க. நான் எங்கிட்டு திங்கிறது?" என்றான் அந்தோணி.

நான் கட்டை இறக்கினேன். மூன்றாம் கிளாஸ்தான் படித்தேன், நாலாம் கிளாஸ் வாத்தியாருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருந்ததால் படிப்பை நிறுத்திக்கொண்டேன். அதோடு தேயிலை ஸ்டோரில் பன்னிரண்டு வருஷம் சூடு அளக்கிற கண்ணாடி பார்த்த கண் இது.

"துரை, பாகு கனம், தண்ணி லேசு. கலக்காம ஊத்துனா தண்ணி மேலயே நிக்கும். அடிக்குழாயில புடிச்சுப் பாருங்க" என்றேன்.

பிடித்தார்கள். ஐம்பத்தெட்டு!

"யோவ் சின்னையா, கீழ பாகு, மேல கழனித்தண்ணியா?" என்று என்னைக் கேட்டான் அந்தோணி.

பிறகு துடுப்புக்கட்டையால் அடிவரைக்கும் கலக்கினோம், தோள் கழன்றுபோகிற அளவுக்கு. மறுபடி மொண்டதும் துரை குழலைப் போடப் போனார். பொறுங்கள் என்றேன். சூடாக இருந்தால் குழல் முங்கும், குறைத்துக் காட்டும். கிளாசைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, குழலில் எழுதியிருந்த அறுபது டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கொண்டுவந்தோம். குழலை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன், ஒட்டின நுரைக்குமிழி போகட்டும் என்று. குமிழி ஒட்டினால் தூக்கிக் காட்டும். குனிந்து, கண்ணை நேர்மட்டத்தில் வைத்து, கண்ணாடி ஓரமாகப் பாகுத்தண்ணீர் ஏறி நிற்பதை விட்டுவிட்டு, சமமாக இருக்கிற மட்டத்தைப் பார்த்தோம்.

நாற்பது. மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை.

"அப்ப எங்க வீரமுத்து கள்ளனா?" என்று கேட்டேன். துரை தொப்பியைக் கழற்றினார். "வீரமுத்து நல்ல மனுசன். தப்பு என்னுது" என்றார். கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கே லயத்துக்கு வந்து இதைச் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் பாக்கியம் அழுது தீர்த்தாள், பிறகு வயிறாறச் சாப்பிட்டாள். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பெண்களும் அந்தப் பேரை விட்டுவிட்டார்கள்.

இங்கே நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும் மாப்பிள்ளை. உங்கள் படையலுக்கு முன்னால் நின்று படிக்க வேண்டுமே. நாற்பது நிஜம். ஐம்பத்தெட்டு நிஜம், அந்தோணி சாட்சி. நான் கேட்டதும் துரை சொன்னதும் மட்டும் நிஜமில்லை. துரை "குட்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் விறகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை வாசிக்கும்போது பாக்கியம் என்னைப் பார்ப்பாள். பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு பங்களா வாசலுக்குப் போகிறேன். உங்கள் பேரைச் சொல்லிக் கேட்பேன், இது சத்தியம். துரை என்ன சொன்னார் என்று லயத்துக்கு வந்து சொல்லப் போவது நானில்லை, அவள்.

உங்கள் பிள்ளைகளின் தாய்மாமன்,
சின்னையா