குழந்தைகள்: எண்ணிக்கை மட்டும்

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். வைட்ஃபீல்ட் வரை மெட்ரோவில் நின்றே பயணம். யாருடைய குடையோ வழிநெடுக என் செருப்பில் சொட்டிக்கொண்டு வந்தது.

புது வேலை. ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பதிவு ஸ்கிரீன். இப்போது அவர்களிடம் இருப்பது பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பார்த்தாலே கண்ணைக் கட்டுகிறது. என் மேனேஜர் ஹரீஷ் சொன்னது: எல்லாக் கேள்வியும் ஒரே ஸ்கிரீனில் அடங்கணும். கீழே தள்ளிப் பார்க்கிற வேலை கூடாது. வெள்ளிக்கிழமை காட்டணும்.

கட்டங்கள் (நட்சத்திரம் போட்டது கட்டாயம்):
பெயர் *
வயது *
போன் *
கணவர் பெயர் * (நட்சத்திரம் எதற்கு? கேட்கணும்)
விலாசம்
ரத்த வகை
கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி * (மாதவிலக்குத் தேதிதான். இப்படி எழுதினால் ஹ. சிரிப்பார். வேறு வார்த்தை)
குழந்தைகள் *

கடைசிக் கட்டம் எண்ணை மட்டும் ஏற்கும். புதுக் கட்டம் போட்டால் என் விவரத்தையே போட்டுச் சோதிப்பது வழக்கம். ஸ்டெல்லா. 34. ஆஸ்டின் டவுன். எல்லாம் சரி. குழந்தைகள், 0. அழித்தேன். 1. அதையும் அழித்தேன். கட்டம் சிவப்பாகி, 'இதைக் கட்டாயம் நிரப்பவும்' என்றது. நானே எழுதிவைத்த வாக்கியம்தான். பளார் என்று அறையலாம்போல் இருந்தது.

ஜோயல் ஒரே ஒரு நாள் உயிரோடு இருந்தான். போன வருஷம், இதே மாதிரி மழை. சிஸ்டர் அவசர அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். என்ன பேர் என்று கேட்டபோது என் கணவர் அருள்தான் சொன்னார். நான் மயக்கத்தில். பேர் இருக்கிறது. கல்லறையில் சின்னதாய் ஒரு சிலுவை இருக்கிறது. எண் எது?

இப்போது மறுபடி மூன்றாம் மாதம். அருளுக்கு மட்டும் தெரியும், அவர் அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. பழைய ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறார் அருள். வேறு இடம் பார்த்தாயிற்று, அடுத்த திங்கள் போய்ப் பதியணும். அங்கேயும் இதைக் கேட்பார்கள். என்ன சொல்வது? அதற்குள் எனக்கே தெரிந்தாகணும்.

காஸ் புக் பண்ணணும். தினமும் மறக்கிறேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆஸ்பத்திரி பொம்மனஹள்ளியில். சில்க் போர்டு சிக்னலில் பஸ் நகரவே இல்லை, லேட். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். சும்மா பார்ப்பதுதான் இன்றைய வேலை.

கவுண்டரில் ஷாஹின் என்று ஒரு பெண். படு வேகம். வந்தவர்கள் யாரும் ஸ்கிரீனைப் பார்ப்பதே இல்லை. இவள்தான் ஒவ்வொரு கட்டத்தையும் படித்துக் கேட்கிறாள், ஃபேன் சத்தத்துக்கு மேலே. வரிசை முழுக்கக் கேட்கிறது. இத்தனை வருஷம் என்ன கிழித்தேன்? கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். நான் எழுதுகிற வார்த்தை கடைசியில் ஒருத்தி வாயிலிருந்து கத்தலாக வருகிறது.

"குழந்த எத்தினி மா?"

பக்கத்தில் நின்ற மாமியார்: "ஒண்ணு. பொண்ணு."

அந்தப் பெண் வளையலைத் திருகிக்கொண்டு நின்றாள். ஷாஹின் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு 99 என்று தட்டினாள்.

தொண்ணூற்றொன்பது பிள்ளைகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இல்லக்கா, வாயத் தொறக்காம நின்னாங்கன்னா 99 போட்ருவேன். உள்ள சிஸ்டர் தனியா வச்சுக் கேப்பாங்க."

நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று குறித்துக்கொண்டேன். அந்த நிம்மதி மதியத்தைத் தாண்டவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வந்த பெண்ணும் 99 போடுகிறாள். ஏன் என்றால், "லைன் பெருசா இருந்தா போடுவோம் மேடம்." சரி, உள்ளே போய் சிஸ்டரையே கேட்போம் என்று போனேன். "99ஆ? அது கம்ப்யூட்டர் கோளாறுன்னுல்ல நெனச்சேன். முதல் பிரசவம்னு எடுத்துக்குவேன்."

ஷாஹினிடம் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. "நான் சொல்லி வச்சிருக்கேன்க்கா." எந்த சிஸ்டரிடம், எப்போது? அவளுக்கும் ஞாபகமில்லை.

ஆக ஒரே எண்ணுக்கு ஆளுக்கொரு அர்த்தம். எதைத் திருத்துவது? தலை வலி. திரும்பும்போது மல்லிகை வாங்கினேன், பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

மீட்டிங். 99தான் முதல் புகாராம். ஆஸ்பத்திரிக்காரர் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்திருக்கிறார், சராசரி வீட்டுக்கு ஒரு டஜன் பிள்ளை என்று வந்ததாம்.

ஹ.: "பத்துக்கு மேல போட முடியாத மாதிரி லாக் பண்ணிடு ஸ்டெல்லா. ஸ்கிரீன் தொறந்ததும் தானா சைபர் வரட்டும். அஷ்டே, அவ்வளவுதான்."

"சைபர் தானா வந்தா யாரும் அதத் தொடமாட்டாங்க. மூணு பெத்தவளும் ஒண்ணுமில்லாதவளாயிடுவா."

"அதுக்குத்தான் ரெட் ஸ்டார் இருக்குல்ல?"

"ஏற்கெனவே சைபர் நிக்குதே. அப்புறம் ஸ்டார் யாரத் தடுக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "ஹௌது, ஹௌது" என்று ஆமோதிப்பதுபோல் தலையாட்டினார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஒத்துக்கொண்டாரா இல்லையா? தெரியவில்லை.

பிறகு அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா போனில். அவர்கள் கணக்கே வேறு. எத்தனை தடவை கருத்தரித்தாள், அது ஜி. எத்தனை பிரசவம், பி. எத்தனை உயிரோடு, எல். எனக்கும் போட்டுப் பார்த்தேன். ஜி2 பி1 எல்0. சுத்தமான கணக்கு. தப்பே சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கடைசி சைபரை மட்டும் அழித்தேன்.

வீட்டில் அருளிடம் சொன்னேன். "ராக்கெட் பேர் மாதிரி இருக்கு" என்று சிரித்தார். ஒவ்வொரு எழுத்தாக விளக்கினேன். எல் வந்ததும் எழுந்து மாடிக்குப் போய்க் கொடித் துணியெல்லாம் எடுத்து வந்தார். மழை இல்லை. துணி காயவும் இல்லை. மறுபடி போய் உலர்த்தினேன்.

அக்டோபர் 30, வியாழன்

வீட்டிலிருந்தே வேலை. காஸ் புக் பண்ணியாயிற்று, அப்பாடா.

பதினொரு மணிவாக்கில் மாதா கோயிலிலிருந்து இரண்டு பேர், பங்குப் பதிவில் குடும்ப விவரம் புதுப்பிக்க. நான் சமையலறையில். அத்தை ஹாலில். இந்தப் பங்கில் நாற்பது வருஷமாக இருக்கிற அத்தைக்கு யாரும் எதையும் சொல்லித்தரத் தேவையில்லை, கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார்.

"பிள்ளைங்க?"

"மகனுக்கு இன்னும் இல்லீங்க."

இன்னும் இல்லீங்க. கையில் இட்லித் தட்டு. சத்தம் வராமல் வைக்கத்தான் நினைத்தேன், சத்தமாகத்தான் விழுந்தது. அத்தை எட்டிப் பார்த்தார். வந்தவர்களுக்கு நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், சிரித்த முகத்தோடு. இந்த வீட்டில் எனக்கு நடிப்புக்குப் பரிசு தரலாம்.

சாயங்காலம் அருளிடம் கொட்டித் தீர்த்தேன்.

"கேக்கிறவங்க எல்லார்கிட்டயும் நம்ம கதையச் சொல்லணுமா ஸ்டெல்லா?"

"கதைய இல்ல. எண்ண."

"ஒண்ணுன்னு சொன்னா எந்த ஸ்கூல்னு கேப்பான். அப்புறம்?"

அதுவும் நியாயம்தானே. ஆட்டோக்காரர் கேட்டால் நானே "இல்ல" என்றுதான் சொல்கிறேன். அங்கே சொல்வேனாம், இங்கே அத்தை சொன்னால் கோபம் வருமாம். எந்த ஊர் நியாயம் இது? கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. சாப்பிடாமல் படுக்கப் போனேன். பசித்தது. எழுந்து வந்து ரசம் சோறு.

அக்டோபர் 31, வெள்ளி

ஸ்கிரீனைக் காட்டினேன். கவுண்டரில் பெயர், வயது, போன், விலாசம் மட்டும். குழந்தைக் கேள்வியை அங்கிருந்து தூக்கிவிட்டேன். உள்ளே சிஸ்டர் அறையில், கதவு சாத்தியபின், அவருக்குத் தனி ஸ்கிரீன். அதில் இரண்டு கட்டம்: 'இதுவரை பெற்றது', 'இப்போது இருப்பது'. எதிலும் தானாக எண் விழாது. 99க்குப் பதிலாக ஒரு பட்டன்: 'பிறகு கேட்க'. அதை அழுத்தினால் டாக்டர் ஸ்கிரீனில் மஞ்சள் கோடு வரும், யாரும் கோளாறு என்று நினைக்க முடியாது.

ஷாஹினை வீடியோ காலில் கூப்பிட்டோம். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் தொங்கிப்போயிற்று. "அது போச்சுன்னா நான் என்னக்கா பேசறது? குழந்த எத்தினின்னு கேட்டாத்தான் ஜனம் சிரிச்சிட்டே பேசுவாங்க. ரெண்டுன்னு சொல்லும்போது என்னா குஷி."

அது எனக்குத் தோன்றவே இல்லை. நிறையப் பேருக்கு அது சந்தோஷமான கேள்வி. நான் ஒருத்தி சொல்லத் திணறுகிறேன் என்று எல்லோர் வாயையும் அடைக்கிறேனா?

கால் முடிந்ததும் ஹ. கதவைச் சாத்தினார். போன வருஷ லீவ் அவருக்குத் தெரியும், அவர்தான் கையெழுத்துப் போட்டார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதே. இது டிசைனா, இல்ல உன் சொந்த விஷயமா?"

"தெரியல ஹரீஷ்."

நிஜமாகவே தெரியவில்லை. வளையலைத் திருகியவளைப் பார்த்ததால் செய்தேனா, எனக்காகச் செய்தேனா? இரண்டும் என்றால் அது தப்பா? ஹ. மேஜை மேல் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "பரவால்ல. ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம்" என்றார். ஜெயித்த மாதிரி இருக்கணும். இல்லை. எங்கள் திங்கள்கிழமைக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லையே, அந்த ஆஸ்பத்திரி ஸ்கிரீனை யார் செய்தார்களோ.

நவம்பர் 1, சனி

ராஜ்யோத்சவ லீவ், மாநிலம் பிறந்த நாள். தெரு முழுக்க மஞ்சள் சிவப்புக் கொடி, ஆட்டோக்களுக்கெல்லாம் மாலை. ஸ்பீக்கர் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

நாளைக்குக் கல்லறைக்கு என்று வாங்க வேண்டியது: செவ்வந்தி, மெழுகுவத்தி பெரியது நாலு, சின்னது ஒரு பாக்கெட், துடைக்கப் பழைய துணி, ஊதுவத்தி.

அத்தையோடு சரியாகப் பேசவில்லை. அவரும் கண்டுகொள்ளவில்லை. மதியம் கருவாட்டு வாசம் பொறுக்காமல் ஓடினேன், வாந்தி. பாத்ரூம் கதவைத் திறந்தால் வெளியே அத்தை. ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தெரிந்துவிட்டதா, இல்லையா?

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். கூட்டம் சொல்லி மாளாது. சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. மாமனார் கல்லறையைக் கழுவிப் பூ வைத்துவிட்டு, பின்பக்கச் சுவரோரம் சின்னவனிடம் போனோம். சிலுவையில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. அருள் உட்கார்ந்து நகத்தாலேயே சுரண்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு அம்மாள் அத்தையிடம் கேட்டார்: "யாருங்க இது, சின்னதா?"

"என் பேரன். மூத்தவன்."

டக்கென்று சொன்னார். நான் அத்தை முகத்தையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "காத்துல அணையுது பாரு, கைய வச்சு மறைடா" என்று அருளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை இன்னும் இல்லீங்க. இன்றைக்கு மூத்தவன். ஒரே ஆள், ஒரே வாய். இரண்டில் எதைப் பொய் என்பேன்? அதுவும் மூத்தவன் என்றால் இளையவன் ஒருத்தன் வரணுமே, அப்படியானால் நிச்சயம் தெரிந்துவிட்டது. கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, விட்டுவிட்டேன். வீடு திரும்பும்வரை அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார், சேறு வழுக்கும் என்று.

நாளைக்கு என்ன சொல்லப்போகிறேன்? அருளும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். அரை நாள் லீவ். அருளும் போட்டார்.

புது ஆஸ்பத்திரி. பளபளவென்று தரை. கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு இளைஞர். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். ஸ்கிரீன் பாதி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. பழக்கதோஷம், கட்டங்களை எடை போட்டுக்கொண்டு நின்றேன். எழுத்து பொடி. நட்சத்திரம் அளவுக்கு மீறி. நான் செய்ததையெல்லாம்விட மோசம்.

பெயர், வயது, போன். கணவர் பெயர்.

"மக்களு எஷ்டு மேடம்? எத்தன குழந்த?"

மெட்ரோவில் வரும்போது ஒரு பதில் முடிவுசெய்து வைத்திருந்தேன். அது வரவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். அவர் கீபோர்டு மேல் விரலை வைத்துக் காத்திருந்தார், பாவம், அவருக்கென்ன தெரியும்.

அருள் முன்னால் குனிந்தார்.

"ஒண்ணு. பையன்."

எங்கேயும் சொல்லாத மனுஷன். கவுண்டர்க்காரர் 1 என்று தட்டினார். உடனே கீழே புதிதாக ஒரு கட்டம் திறந்தது, அதுவும் சிவப்பு நட்சத்திரத்தோடு.

"வயசு?"

அருள் என்னைப் பார்த்தார். நான் அருளைப் பார்த்தேன். இதை யாரும் யோசித்து வைக்கவில்லை.

"வயசு சார்? போடாம மேல போகாது."

"ஒரு நாள்" என்றார் அருள். பாதிதான் வெளியே வந்தது.

அந்தப் பையனுக்கு 'ஒரு' மட்டும்தான் கேட்டிருக்கும். 1 என்று தட்டினார். பக்கத்துக் கட்டத்தில் நாள், மாசம், வருஷம் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். அவர் அதைத் தொடவில்லை. அங்கே தானாக விழுந்து நிற்பது வருஷம்.

ஆண், 1 வருஷம்.

ஜோயல் இருந்திருந்தால் அதுதான் வயசு. வாரம் முழுக்க இதற்காகத்தான் ஹரீஷோடு மல்லுக்கு நின்றேன், தானாக எதுவும் விழக் கூடாது என்று. தப்பு என் கண்ணெதிரே நிற்கிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் திருத்திவிடுவார். உள்ளே டாக்டரிடம் எல்லாம் சரியாகச் சொன்னேன், ஒன்று விடாமல். கவுண்டரில் மட்டும் சொல்லவில்லை. அருளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் சொல்லவில்லை.