அணைக்காமல் விட்ட சுவிட்ச்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. உன் அப்பாவுக்குப் பிரஷர் ஏறி, இறங்கியும்விட்டது. மாப்பிள்ளைக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உங்கள் பதிவுத் திருமணம் வெளியே தெரிந்துவிட்டது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட நான் வாயைத் திறக்கவில்லை. பதிவு அலுவலகக் குமாஸ்தாதான் உன் அப்பாவைத் தெருவில் நிறுத்தி வாழ்த்துச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த உன் அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நம்ம தையல் கூடத்தக் கொளுத்தினவன் வீட்டுக்கா போனா? இனிமே எனக்கு மகளே கிடையாது" என்று வக்கீலைப் பார்க்கக் கிளம்பினார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

குட்டிம்மா, இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

உன் அப்பாவும் உன் மாமனாரும் சேர்ந்து நடத்திய தையல் கூடம் எரிந்தபோது உனக்கு எட்டு வயது. உன் மாமனார் அணைக்காமல் போட்ட சிகரெட்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். காரணம் அவரில்லை, நான். அன்று சாயங்காலம் பள்ளிச் சீருடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் போயிற்று. சுவிட்சை அணைக்காமல், பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். கரண்ட் எப்போது திரும்பியதோ, தெரியாது. காலையில் போனால் தையல் மிஷின்களின் இரும்புக் கால்கள் மட்டும் நின்றன. நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் உன் மாமனார் சட்டையைப் பிடித்துவிட்டார். அதற்கப்புறம் பதினாறு வருஷம் வாயே வரவில்லை. அவர் மகனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் ஏன் அப்படி அழுதேன் என்று கேட்டாயே, இதனால்தான்.

வாசலில் நின்றபடியே அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான்கு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அங்க வந்து சொல்லு" என்றார்.

உன் மாமனார் கழுத்தில் டேப்போடு துணி வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ, நான் இல்லையா?" என்றார். மறுபடியும் அதையே கேட்டார். ஊர் சொல்லிச் சொல்லி, மனிதர் தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறார், குட்டிம்மா. அன்றைக்கு விட்ட சிகரெட்டை இன்றுவரை தொடவில்லையாம். பொங்கிப் பொங்கி அழுதார். உன் அப்பா அவர் கையைப் பிடித்தவர், விடவேயில்லை. "என்னம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் உன் மாமனார் என்னிடம் கேட்டார். உன் மாமியார் என்னிடம் பேசவில்லை. அவர் பேசாதது நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் உங்களைப் பார்க்க வருகிறார்கள். ஜன்னல் சீட் யாருக்கு என்று இப்போதே தகராறு. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

என்னையும் கூப்பிட்டார்கள். நான்தான் வரவில்லை என்றேன். ஊரில் யாரையும் நம்பாமல் என்னை நம்பியவள் நீ. நீ கூப்பிடாமல் எந்த முகத்தோடு வருவேன்? மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல். சின்ன வயதில் அவர் கேட்ட ஏச்சுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு என்றும் சொல்.

நீங்கள் இருவரும் நிறைந்து வாழ வேண்டும். பதில் போடு. திட்டி எழுதினாலும் சரி, உன் கையெழுத்தில் இரண்டு வரி வந்தால் போதும்.

இன்னும் அப்படிக் கூப்பிட உனக்கு மனம் வருமானால்,
உன் அத்தை