அண்ணன் கடையும் என் கரியடுப்பும்

செப்டம்பர் 18, வியாழன்

அண்ணன் வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். புயல் என் கூரைத் தகரங்களைப் பிய்த்து எந்த வாழைத்தோப்பில் கொண்டுபோய்ப் போட்டதோ, இன்னும் தெரியவில்லை. சுவர் நிற்கிறது. தச்சர் பட்டியலில் எனக்கு முன்னால் பதினோரு வீடுகள்.

பெர்சிவல் அண்ணன் நல்லவன்தான். அறை கொடுத்தான், மெத்தை கொடுத்தான். ஆனால் சாலையோரத்தில் பன்றிக்கறி சுட்டு விற்பவன் வீட்டில், பன்றிக் கொழுப்பு படாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை. அதனால் நான் வீட்டுக்குப் பின்னால் என் கரியடுப்பை வைத்து, என் ஒரே தகரக் குவளையில் வாழைக்காயை வேகவைத்துக்கொள்கிறேன். குவளை சின்னது. வாழைக்காயை மூன்றாக நறுக்கினால்தான் முங்கும்.

நெரிசா அண்ணி பக்கத்து வீட்டாரிடம் என்னைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “கறி இல்ல, மீன் இல்ல, முட்டை இல்ல, பால் இல்ல. உப்புகூட இல்ல. உசுரு மட்டும் எப்படியோ இருக்கு.”

நானே சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 19

வாழைக்காய், பாதி தேங்காய், ஓடைக்கரையில் பறித்த கீரை ஒரு பிடி. வெங்காயம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்றைக்கு நடந்தது என் தப்பா என்று தெரியவில்லை.

சர்ச்சிலிருந்து வந்ததும் அண்ணி எனக்கென்று தனியாக ஒரு தட்டு வைத்திருந்தாள். பீன்ஸ் போட்ட தேங்காய்ச் சோறு. கோழியைப் பக்கத்தில்கூட வைக்கவில்லை. அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறாள். முதல் பிடியை எடுக்கும்போதே வாசனை தெரிந்துவிட்டது. பீன்ஸோடு உப்பிட்ட பன்றிவாலைப் போட்டு வேகவைத்திருக்கிறாள். அது இல்லாமல் பீன்ஸ் வேகும் என்பதே இந்த வீட்டில் யாருக்கும் தோன்றாது.

தட்டை மெதுவாக நகர்த்தி வைத்தேன். மன்னிப்பும் கேட்டேன். அண்ணியின் முகம் சின்னதாகிவிட்டது. அண்ணன்தான் கரண்டியைக் கீழே வைத்தான்.

“என் சாப்பாடு உனக்கு அழுக்கா, டெல்சி?”

அப்படி இல்லை என்றேன். வேறென்ன என்றான். அப்புறம் அதைச் சொன்னான்.

“செபதி போயி நாலு வருஷம் ஆச்சு. போனவன் சட்டி பானையையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம். அவன் சாப்பாட்டை மட்டும் எதுக்குப் புடிச்சிக்கிட்டுத் தொங்குற?”

எழுந்து பின்னால் போய்விட்டேன். கரி அணைந்திருந்தது.

செப்டம்பர் 23

இரண்டு நாளாக அதே கேள்வி.

செபதியால்தான் ஆரம்பித்தது, உண்மை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மலைமேல் அவனோடு குடியேறியபோது, ராஸ்தா மார்க்கத்துக்காரன் வீட்டில் உயிர் போனது எதுவும் வேகாது என்றான். சரி என்றேன். அப்போது அவன் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பிறகு டொரான்டோவிலிருந்து ஒருத்தி வந்தாள், அவளோடு போனான். அங்கே அவன் என்ன சாப்பிடுகிறானோ.

நான் ஏன் விடவில்லை? பழக்கமா? பிடிவாதமா? அவன் திரும்பி வந்தால் காட்டலாம் என்றா? — அப்படி இருந்தால் அசிங்கம்.

எனக்கே பதில் தெரியாமல் அண்ணனிடம் என்ன சொல்வேன்.

செப்டம்பர் 25, வியாழன்

சந்தை. புயலுக்கு முன்னால் இதே சந்தையில் கீரையும் துவரையும் விற்றவள் நான். இன்றைக்குக் கையில் வெறும் பையோடு நடந்தேன். போன மாதம் யாரும் சீண்டாத முட்டைக்கோஸ் இப்போது கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டிய விலை. கேரட் தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து வர வேண்டுமாம்.

நசுங்கிய தக்காளியும் பரங்கிக்காயின் அடிப்பக்கமும் மலிவாகக் கிடைத்தன. ஒரு பை சிவப்பு பீன்ஸ் வாங்கினேன். தினம் ஒரு கைப்பிடி ஊறவைத்தால் இரண்டு வாரம் வரும்.

சீமைப்பலா மட்டும் காசில்லாமல் கிடைக்கிறது. புயல் உதிர்த்துப்போட்டது வழியெல்லாம் அழுகுகிறது. மரத்தில் மிஞ்சியதை யாரும் பறிப்பதில்லை, அதற்குள் சலித்துவிட்டது. பத்து காய் தூக்கி வந்தேன். சீவி, அண்ணன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் இடித்து மாவாக்கிவிட்டால் தச்சர் வரும்வரை கவலையில்லை.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே போனான். பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசவில்லை.

செப்டம்பர் 30

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேதான் எழுத வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு அண்ணன் கறி சுடுகிற பீப்பாயடுப்பைத் திறக்கிறான். பிமென்டோ மரத்து விறகுப் புகையில் கறி சிவந்து, கொழுப்பு கரியில் சொட்டுகிற சத்தம் பின்கட்டுவரைக்கும் கேட்கிறது. இன்றைக்கு என் வாயில் எச்சில் ஊறியது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. காலையிலிருந்து சேப்பங்கிழங்கு இரண்டு துண்டுதான் உள்ளே போயிருந்தது.

குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓடைக்கு நடந்துபோனேன். புகை அங்கேயும் வந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

அண்ணி பின்கட்டுக்கு வந்தாள். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து நான் சமைப்பதையே பார்த்தாள். சீமைப்பலா மாவில் சின்னச் சின்ன உருண்டை பிடித்து, குவளையில் தேங்காய்ப்பாலில் பரங்கியும் பீன்ஸும் தைம் இலையும் ஒரு முழு மிளகாயும் போட்டுக் கொதிக்கவிட்டிருந்தேன். கொஞ்சம் தா என்றாள். கையாலேயே எடுத்துத் தின்றாள்.

“உப்பு இல்லன்னு தெரியுது,” என்றாள். இன்னொரு உருண்டை எடுத்தாள். “ஆனா ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தெரியுது.”

பிறகு ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைப் பேசினாள். பன்றிவால் ஞாபகமே வரவில்லை என்று சொன்னாள். அது எனக்குத் தெரியும் என்றேன். மனதில் வைத்துக்கொள்ளாதே என்றாள். அவள்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேரும் குவளையின் அடிவரைக்கும் வழித்தோம். போகும்போது ஒரு சட்டியை விட்டுப்போனாள், சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தது. எத்தனை நாள் தேய்த்தாளோ, அலுமினியம் வெள்ளி மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

அண்ணனுக்குத் தீக்காயம்.

பீப்பாயின் ஒரு கால் மண்ணில் இறங்கிச் சாய்ந்திருக்கிறது. பிடிக்கப் போயிருக்கிறான். தணல் மொத்தமும் வலது கையில். முழங்கையிலிருந்து விரல்வரை. நான் ஓடிப்போனபோது அவன் சத்தமே போடாமல் நின்றுகொண்டிருந்தான், கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, யாருடைய கையோ மாதிரி. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அண்ணி கூடப் போனாள்.

வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். இரண்டு பன்றியின் கறி மசாலா தடவிப் பனிப்பெட்டியில் கிடக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

கை பிழைத்துவிடும் என்கிறார்கள். ஆனால் பல வாரம் ஆகுமாம்.

அண்ணி காலையில் வந்து குளித்து மாற்றுத்துணி எடுத்துக்கொண்டாள். பனிப்பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். கறி வெட்டிக் கொடுக்கிற ஆள் கூரை வேலைக்கென்று மான்டெகோ பே நகரத்துக்குப் போய்விட்டான். மின்சாரம் பாதி நாள்தான் வருகிறது. நாளை சனிக்கிழமை விற்காவிட்டால் குழிதோண்டிப் புதைக்க வேண்டியதுதான். அடுப்பை அண்ணி பார்த்துக்கொள்வாள், அது அவளுக்கு அத்துப்படி. ஆனால் தணலையும் பார்த்து, வெட்டியும் கொடுத்து, கூட்டத்தையும் சமாளிக்க ஒரு ஆளால் ஆகாது.

என்னிடம் அவள் கேட்கவில்லை. ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

வாயில் போடாததுதான் விரதமா? வெட்டுகிற கைக்குக் கணக்கில்லையா? செபதியிடம் கேட்டால் ஒரு மணிநேரம் பேசுவான். பேசி முடித்துக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அக்டோபர் 11, சனி

வெட்டினேன்.

காலையில் ராஸ்தாப் பெண்கள் கட்டுகிற என் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பலகை முன்னால் போய் நின்றேன். அண்ணி விறகு அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “டெல்சி, வேணாம்,” என்றாள். கத்தி எங்கே என்று கேட்டேன். பலகைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அந்தக் கத்தி கனமானது. முதல் துண்டில் எலும்பு உடைகிற சத்தம் தோள்வரை ஏறியது. நான்காவது துண்டுக்குப் பிறகு எண்ணிக்கையும் அளவும் மட்டும் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை. காகிதத்தில் சுற்றுவது, குழம்பு ஊற்றுவது, அடுத்த ஆள்.

மதியத்துக்குள் ஊரெல்லாம் சேதி போயிருந்தது. கறி வாங்க வந்தவர்களோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மினிபஸ் ஓட்டுகிற ஒருவர், நரைத்த தாடி, என் தலைத்துணியைக் காட்டி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “ராஸ்தா பொம்பள பன்னி விக்கிறா. உலகம் முடியப்போகுது போலிருக்கு.”

“முடியுறதுக்குள்ள சொல்லுங்க, உங்களுக்கு அரை பவுண்டா, ஒரு பவுண்டா?”

சிரித்துவிட்டார். ஒரு பவுண்டு வாங்கினார். நல்லா வெந்திருக்கா என்று கேட்டார். ருசி தெரியாது, மூக்குக்குத் தெரிந்தவரை வெந்துவிட்டது என்றேன்.

ஆறு மணிக்குப் பலகை காலி. எலுமிச்சை போட்டுக் கை கழுவினேன், மறுபடி கழுவினேன், மறுபடியும். அண்ணி என் சட்டியில் கொஞ்சம் கீரை வைத்துக்கொடுத்தாள். இறங்கவில்லை.

அழுகை வந்தது. துக்கம் என்று சொல்ல முடியாது. என்னவோ.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் கை பெரிய வெள்ளைப் பொட்டலமாக மார்புமேல் கிடந்தது. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மகன் நேற்று வாங்கித் தின்றவனாம்.

என்னைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“நான் உன்னக் கேக்கலயே, டெல்சி.”

“கேக்கல.”

“கேட்டிருக்கவும் மாட்டேன்.”

தெரியும் என்றேன். அப்புறம் அவன் முகத்தைத் திருப்பாமலே, நேற்று நான் ஏதாவது சாப்பிட்டேனா என்று கேட்டான். இல்லை என்றேன். நல்ல கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் தூசி ஜாஸ்தி என்று நர்ஸைத் திட்டினான்.

அக்டோபர் 14

இன்றைக்குத்தான் பசித்தது. வாழைக்காயும் பீன்ஸும் தின்றேன். என்ன ருசி.

தின்றுகொண்டிருக்கும்போது புரிந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை முழுக்க அந்தக் கறி என் விரலுக்கடியில் இருந்தது. நாள் முழுக்கப் பட்டினி. ஒரு துண்டை வாயில் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? செபதியா? கடவுள்கூட அன்றைக்குக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார். போன மாதம் ஊறிய எச்சில்கூட ஊறவில்லை. எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான்.

அவன் கொண்டுவந்தான். வைத்திருப்பது நான். செபதியாக இருந்தால் புகை தன்மேல் படும் என்று வெள்ளிக்கிழமையே மலையேறியிருப்பான். நான் நின்றேன். இரண்டும் ஒரே சாப்பாடு இல்லை.

அண்ணனுக்குச் சொல்ல இப்போது பதில் இருக்கிறது. அவன்தான் கேட்பதை விட்டுவிட்டான்.

அக்டோபர் 25, சனி

வெட்டுகிற ஆள் மான்டெகோ பேயிலிருந்து திரும்பிவிட்டான். கத்தியை அவன் கையில் கொடுத்தபோது அவ்வளவு நிம்மதி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்ட அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்கிறான். கறியோடு கொடுக்கிற சீமைப்பலாவைச் சுட ஆள் இல்லை என்று ஒரு மணிநேரமாகப் புலம்பினான், என்னைப் பார்க்காமல். என் கரியடுப்பைக் கொண்டுபோய்க் கடையின் மறு ஓரத்தில் வைத்தேன், காற்றுக்கு எதிர்ப்பக்கம். ஆறு பலா சுட்டேன். ஒரு சட்டி தேங்காய்ப்பால் கீரையும் வைத்தேன், எனக்கென்று. அதை யாரோ கேட்டார்கள். இன்னொருவர் கேட்டார். எனக்கு மிஞ்சவில்லை.

நவம்பர் 5

தச்சர் வந்தார். தகரம் ஏறிவிட்டது. ஒரு மூலையில் வெளிச்சம் தெரிகிறது, மழை வந்தால் பார்க்கலாம். திங்கட்கிழமை மலைக்குப் போகிறேன். சனிக்கிழமைகளில் இறங்கிவருவதாக அண்ணியிடம் சொன்னேன். அண்ணன், யார் உன்னை வரவேண்டாம் என்றது என்றான்.

நவம்பர் 8, சனி

நல்ல கூட்டம். மூன்று சட்டி கொண்டுபோயிருந்தேன், துவரை ஒன்று, கீரை ஒன்று, பரங்கி ஒன்று.

இரண்டு மணி இருக்கும். கறி தின்றுகொண்டிருந்த ஒருவர், விரலெல்லாம் கொழுப்பு, ருசி பார்க்கலாம் என்று என் பலாத் தட்டில் கையை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டான். கட்டுப் போட்ட கையைக் குறுக்கே நீட்டினான். கை இன்னும் வலிக்கிறது, நீட்டும்போதே முகம் சுளித்தது.

“அந்தப் பக்கம் என் தங்கச்சி சாப்பாடு,” என்றான். “கையைக் கழுவிட்டு வாங்க.”

அந்த ஆள் சிரித்துப்பார்த்தார். அண்ணன் சிரிக்கவில்லை. குழாய் இருக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டு, அவர் போய் வரும்வரை என் தட்டு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.