மூன்றாம் சங்கு, நான்காவது டேக்

செப்டம்பர் 12, 2024

குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாளாகிறது. வசந்தகுமாரின் வீடியோ மட்டும் தவறாமல் வந்துவிட்டது. 'உறைபனி பாட்டுகள் பிறந்த கதை - ஆறாம் பகுதி.' இருபதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். குன்னூர் வீட்டு பால்கனியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, 'ஈரத் தீக்குச்சி' தொடங்கும்போது வரும் இரைச்சலுக்கு ஒரு கதை சொல்கிறான். வாணலியில் எண்ணெயைக் காயவிட்டு, பக்கத்தில் மைக்கைப் பிடித்தானாம்.

பொய். கட்டபெட்டில் மூடிக்கிடந்த டீ ஃபேக்டரியின் மேல்மாடியில், முன்பு இலை வாட்டிய அந்த நீள மாடியில், சுவரெல்லாம் சாக்கைத் தொங்கவிட்டு ரெக்கார்டிங் செய்தோம். தகரக்கூரை. மழை விடட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். விடவில்லை. மழையோடு வாசித்தோம். அவ்வளவுதான்.

'கல்லட்டி' பாட்டின் நடுவே நான்கு விநாடி அமைதி வருமே, அதற்குப் போன வாரம் ஒரு தத்துவம் சொன்னான். கரண்ட் போனது! திரும்பி வந்த பிறகு வாசித்ததை வெட்டி ஒட்டினார்கள். கீழே ஒரு பையன் 'புல்லரித்தது சார்' என்று எழுதியிருக்கிறான்.

ரேகா எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, புடிக்கலைன்னா பாக்காம இருக்கலாமில்லீங்க?"

இருக்கலாம்.

செப்டம்பர் 13

தண்ணீர் வந்தது. கலங்கல்.

செப்டம்பர் 20

எழுதி வைக்கிறேன். நான் போன பிறகு யாராவது படிக்கட்டும்.

எங்கள் உறைபனி இசைக்குழு என்றால் மூன்று பேர். வசந்தகுமார் பாட்டும் பேஸ் கிட்டாரும். நான் கிட்டார். வீரையா ட்ரம்ஸ், நெல்லியாளம் பக்கம் எஸ்டேட் வேலை, சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். 1989 மே மாதம் ஒன்பது நாள் ரெக்கார்டிங். ஒரே கேசட், ஏழு பாட்டு. இன்று காலேஜ் பிள்ளைகள் கிட்டாரைத் தூக்கினால் முதலில் வாசிப்பது அதில் ஒன்றைத்தான் - 'மூன்றாம் சங்கு'.

அது என் பாட்டு. கட்டபெட்டில் ஃபேக்டரிச் சங்கு ஊதியபோது எனக்கு வந்த மெட்டு. அட்டையில் என்ன வந்தது? 'பாடல்கள், இசை: வசந்தகுமார்.' அச்சுக்குக் கொடுக்கப் போனவன் அவன். கேட்டேன். "அச்சாயிருச்சு சகலை, அடுத்த கேசட்டுல பாத்துக்கலாம்" என்றான். அடுத்த கேசட் என்று ஒன்று வரவேயில்லை.

சகலைதான். ரேகாவின் அக்கா மகாலட்சுமி அவன் மனைவி. அன்றிலிருந்து நாங்கள் அவர்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கும் ரேகா போகவில்லை. மாமியார் இறந்த அன்று அக்காவும் தங்கையும் கூடத்தின் இரண்டு மூலையில் உட்கார்ந்து தனித்தனியாக அழுதார்கள்.

முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தினேன். ஒரு பையனிடமும் நான் கிட்டார் வாசிப்பேன் என்று சொன்னதில்லை.

அக்டோபர் 8

சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் ஜெனிஸ், சவுண்ட் இன்ஜினியர். கேசட்டை இசைத்தட்டாகக் கொண்டுவரப் போகிறார்களாம். அன்று ரெக்கார்டிங் செய்தவர் இறந்துவிட்டார். கோயம்புத்தூரில் அவர் வீட்டுப் பரணில் ஒரிஜினல் டேப்புகள் கிடைத்திருக்கின்றன.

'மூன்றாம் சங்கு' யாருடையது என்று சொன்னேன். கொட்டித் தீர்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆதாரம் ஏதாவது இருக்கா சார்?" என்றாள்.

"'கல்லட்டி' பாட்டோட நாலாவது டேக்கைக் கேளுங்க. மிஷினை நிறுத்த மறந்துட்டாங்க. நான் உக்காந்து மெட்டுக் கட்டுறது அதுல இருக்கும்" என்றேன்.

எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. ஆனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

நவம்பர் 3

வசந்தகுமார் போன் செய்தான். இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து அவனிடமும் கேட்டிருக்கிறார்கள்.

"வேணும்னா நீயே வெச்சுக்கோ சகலை. இந்த வயசுல எனக்கு ஒரு பாட்டு கொறஞ்சா என்ன ஆகப்போகுது?"

கொடுக்கிறான் பார். என்னுடையதை எனக்கே பிச்சை போடுகிறான்.

ஆனாலும் பெயர் வரப்போகிறது. ரேகா கேசரி கிண்டினாள். கரண்டியோடு நின்றுகொண்டே, "இனியாச்சும் அக்காகிட்டப் பேசலாமுங்களா?" என்றாள்.

"அச்சுல வரட்டும். அப்புறம் பேசு."

தலையாட்டினாள்.

நவம்பர் 29

பழைய டேப்பைக் கொஞ்சமாகச் சூடாக்கி, பூச்சு உரியாமல் ஓட்டுவார்களாம். எட்டு மணி நேரம் சூட்டில் வைத்திருக்கிறேன் என்று ஜெனிஸ் மெசேஜ்.

டிசம்பர் 9

வந்துவிட்டது. டேப்பின் பதிவைப் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். கீழே ஒரு வரி: 'சார், தனியாக இருக்கும்போது கேளுங்கள்.'

ரேகா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கேட்டேன்.

நாலாவது டேக் பாதியில் நிற்கிறது. யாரோ இருமுகிறார்கள். பிறகு வீரையாவின் குரல். "அண்ணே, இப்பிடி வந்தா எப்பிடியிருக்கும்?" ட்ரம் விளிம்பில் குச்சியால் தட்டிக்கொண்டு பாடுகிறான். மெட்டு. முழு மெட்டு. வார்த்தையோடு.

'மூணாஞ் சங்கு ஊதிருச்சே, எங்கம்மா பேரு எங்கே...'

நான் சொல்கிறேன், "திரும்பப் பாடு." பாடுகிறான். என் கிட்டார் அவன் பின்னால் தடவித் தடவிப் போகிறது. மூன்றாவது முறை பிடித்துவிடுகிறேன்.

கதவுச் சத்தம். சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்த வசந்தகுமார் உள்ளே வருகிறான். "அட, யாருது இது?"

நான்: "நம்மளுதுதான். இப்பத்தான் புடிச்சேன்."

வீரையா, மெதுவாக: "அண்ணே, என்ட பேரும் போடுவீங்கதானே?"

நான்: "மொதல்ல நீ தாளத்தை ஒழுங்கா அடி. பேராம் பேரு!"

பிறகு சிரிப்பு. என் சிரிப்புத்தான். நீளமான சிரிப்பு.

டிசம்பர் 10

அது விளையாட்டாகச் சொன்னது. அந்த வயதில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம்.

டிசம்பர் 11

ஜெனிஸிடம் பேசினேன். அந்தப் பகுதி வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றேன்.

"அழிக்க மாட்டேன் சார். நீங்க வேண்டாம்னா தட்டுல போடாம இருக்கலாம். ஆனா பாட்டு யாருதுன்னு நீங்கதான் எழுதிக் கொடுக்கணும். நான் கேட்டதை நானா யார்கிட்டயும் சொல்லல."

என் மாணவிகள் வயதுதான் இருக்கும். என்னை 'சார்' என்று கூப்பிடுகிறாள். அந்த வார்த்தை இவ்வளவு உறுத்தியதில்லை.

டிசம்பர் 15

மூடிக்கிடந்த ஃபேக்டரியில் சங்கு எங்கே ஊதியது?

முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கட்டபெட்டில் சங்கு ஊதியபோது வந்த மெட்டு என்று. ரேகாவிடம், தம்பியிடம், அக்டோபரில் ஜெனிஸிடம். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறந்துவிட்டேனா? மறக்க வேண்டும் என்று மறந்தேனா?



டிசம்பர் 22

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கேசட் வந்த மாதம் வீரையா ஊட்டிக்கு வந்தான். சேரிங்கிராஸில், கையில் கேசட்டோடு நின்றான். "அண்ணே, ட்ரம்ஸுக்குக்கூட என்ட பேர் இல்லியே. 'நண்பர்கள்'னு போட்டிருக்கு." நான் சொன்னேன், "என் பேரே இல்லையேடா. அப்புறம் உன் பேருக்கு எங்கே போறது?"

அவன் எனக்காக வருத்தப்பட்டான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனான். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்தப் பாட்டில் நான் செய்தது ஒன்றே ஒன்று. 'எங்கம்மா பேரு எங்கே' என்பதை 'என் பொண்ணே நீ எங்கே' என்று மாற்றினேன். பாட்டிலேயே சப்பையான வரி அதுதான்.

ஜனவரி 6, 2025

புல்லெல்லாம் வெள்ளை. கம்பெனிக்கு வரும் பதினைந்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 'வெற்றிச்செல்வன்' என்று என் பெயரை மட்டும் எழுதினால் போதும். வசந்தகுமாரே ஒத்துக்கொண்டுவிட்டான். வீரையா இருக்கிறானா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது.

இதை எழுத ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 9

போய் வந்தேன். கூடலூர் பஸ், அங்கிருந்து பந்தலூர் பஸ், பிறகு இரண்டு மைல் நடை. எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்தில் கடைசி வீடு. விசாரித்தபோது 'கவாத்து வீரையாவா?' என்றார்கள். ரிட்டையர் ஆன பிறகும் தினக்கூலிக்குத் தேயிலைச் செடி கவாத்து வெட்டப் போகிறான்.

வாசலில் அவன் மனைவி அன்னக்கிளி. பெயரைச் சொன்னதும், "ஓ, நீங்கதானா" என்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

வீரையா வந்தான். முடி முழுக்க வெள்ளை. தோள் மட்டும் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

போனில் போட்டுக் காட்டினேன். நின்றபடியே கேட்டான். தன் குரல் வந்த இடத்தில் தலை கொஞ்சம் சாய்ந்தது. என் சிரிப்பு முடியும்வரை அசையவில்லை.

"இந்தப் பாட்டு எதைப் பத்தின்னு அப்ப நீங்க கேக்கவேயில்ல" என்றான்.

"இப்பக் கேக்கிறேன்."

"இப்ப எதுக்கு?"

அன்னக்கிளிதான் சொன்னாள். சிலோனிலிருந்து வந்த புதிதில் வீரையாவின் தங்கைக்குக் காய்ச்சல். அம்மா பிள்ளையை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வேலைக்கு ஓடியிருக்கிறாள். அதற்குள் மூன்றாம் சங்கு ஊதிவிட்டது. அதற்கு மேல் வந்தால் அன்றைக்குச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் கிடையாது. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. மூன்று நாள் இப்படித் திருப்பி அனுப்பினார்கள். நாலாம் நாள் அம்மா பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டு நேரத்தோடு போனாள். பேர் போட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை.

நான் அதை ஒரு பொண்ணைத் தேடுகிற பாட்டாக்கியிருக்கிறேன்.

"மன்னிச்சிரு வீரையா" என்றேன். வேறென்ன சொல்ல?

"வசந்து அண்ணன் உங்க பேரை எடுத்துட்டாருன்னு இத்தன வருசமா மனசு வெந்து கெடக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். என்ட பேரை எடுக்கயில சிரிச்சீங்களே அண்ணே."

அண்ணே என்றுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

கிளம்பியபோது அவனே கேட்டான். "தட்டுல அந்தக் கதைச்ச பகுதியும் வருமா?"

"வேண்டாம்னா போடமாட்டாங்க."

"போடச் சொல்லுங்க. முழுசா. அந்தச் சிரிப்பை வெட்டக் கூடாது."

டீ கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் குடித்திருப்பேனா?

ஜனவரி 11

எழுதி அனுப்பிவிட்டேன். பாடல், இசை: வீரையா. பேச்சுப் பகுதி முழுமையாக. ஜெனிஸ், 'சரி சார்' என்று மட்டும் பதில் போட்டாள். பாராட்டை எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சீ.

ஜனவரி 12

ரேகாவிடம் சொன்னேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"டேப் இருக்கு, கேக்கிறியா?"

"வேண்டாமுங்க."

தோலை முறத்தில் ஒதுக்கிவிட்டு, "எங்கக்கா பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நான் இந்த ஊட்டுல உக்காந்து துணி மடிச்சிட்டு இருந்தேன்" என்றாள். "மாமா உங்களை ஏமாத்திட்டாருன்னு. நீங்க நியாயஸ்தர்னு."

"அவன் செஞ்சதும் தப்புத்தான் ரேகா. அவனும் எழுதலையே."

"அவருக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிறதை நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க. எனக்கும் எங்கக்காவுக்கும் நடுவுல என்னங்க இருந்துச்சு?"

உரித்த அவரையை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஜனவரி 14

பொங்கல். ரேகா காலை பஸ்ஸுக்குக் குன்னூர் போய்விட்டாள். "எப்ப வருவே?" என்றேன். "தெரியலீங்க" என்றாள்.

ஜனவரி 26

வந்தாள். அக்கா கொடுத்த புடவை கட்டியிருக்கிறாள்.

ஏப்ரல் 2

வசந்தகுமாரின் புது வீடியோ. 'மூன்றாம் சங்கின் உண்மைக் கதை.' வீரையாவின் திறமையை முதல் நாளே கண்டுகொண்டானாம். பாட்டு அவனுடையது என்று எப்போதுமே தெரியுமாம். நாற்பதாயிரம் பேர். கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவன் சொல்வது பொய் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஜூன் 17

இசைத்தட்டு தபாலில் வந்தது. நல்ல கனம். உள்ளே சின்னப் புத்தகம். பாட்டுக்குப் பாட்டு கதை போட்டிருக்கிறார்கள். மழை, கரண்ட் போனது எல்லாம் நான் சொன்னபடி சரியாக வந்திருக்கிறது. 'மூன்றாம் சங்கு' பக்கத்தில் வீரையாவின் அம்மா கதை, அன்னக்கிளி சொன்னபடியே, ஒரு வார்த்தை மிகாமல். பெயர் வரிசையில் நான் மூன்றாவது. 'கிட்டார்: வெற்றிச்செல்வன்.' ஒருவழியாக என் பெயர் அச்சில்.

இரண்டாம் பக்கத்துக் கடைசியில் 'நான்காவது டேக், பேச்சு' என்று போட்டிருக்கிறது. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

வீரையாவுக்கும் அனுப்பியிருக்கிறார்களாம். அவன் போன் செய்யவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 19

ரேகா இப்போது வாரத்தில் நான்கு நாள் குன்னூரில்தான் இருக்கிறாள். சாயங்காலம் போன் செய்தாள். அங்கேயும் தட்டு வந்துவிட்டதாம். அக்காவும் தங்கையும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டிருக்கிறார்கள்.

"கடைசியில அந்தச் சிரிப்பு வந்துச்சுங்க. அக்கா என்கிட்டக் கேக்கறா, 'இது யாருடி? உங்க ஊட்டுக்காரரா? அவரு சிரிச்சு நான் கேட்டதே இல்லையே'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நானும் கேட்டதில்லைன்னு சொன்னேன்."

பிறகு, மாவு இருக்குது, தோசை ஊத்திக்குங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.