சுவீடன் படை படியிறங்கியது

12 அக்டோபர் 1989, வியாழன்

தூறல். நூலகத்தில் போலந்து வரலாறு இரவல், தலையணைக் கனம். காரணம்: சனி மத்தியானம் மாரெக்கின் தகப்பன் வருகிறார். மாரெக் மகள் சுபாவின் காதலன், போலந்துக்காரப் பெடியன்.

இந்தச் சம்பந்தம் பிடிக்காத என் மனைவி மனோவின் பிரகடனம்: "சமைச்சு வைப்பன். மேல அறையை விட்டு இறங்கமாட்டன்."

சுபா: "அம்மா இறங்கி வராட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்."

அழவில்லை. அதுதான் பயம்.

13 வெள்ளி

மழை. வாங்க: கத்தரிக்காய், தேங்காய்ப்பால் டின், பொய்ப்பல் பசை. இந்தப் போலந்துப் பெயர்களை வாசித்தே பல் கழன்றுவிடும். 17ஆம் நூற்றாண்டு, வார்சோ சண்டை, மூன்று நாள். ஒரு பக்கம் முழுக்கப் பாடம்; முடிவு அடுத்த பக்கத்தில், வாசிக்க நேரமில்லை. சம்பந்தியை அசத்தலாம்.

14 சனி

வெயில்! அசத்தினேன். "உங்கட வார்சோ சண்டை, அடடா!"

சம்பந்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அதிலே ஜெயித்தது சுவீடன்காரர்."

சுபா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

மனிதர் கோபிக்கவில்லை. தாங்கள் வென்ற சண்டையைக் காட்டினார். கிண்ணத்தைக் கவிழ்த்தார்: மேடு. மேலே கடலை: சுவீடன்காரர். கீழே கொஞ்சம் முந்திரிப்பருப்பு: போலந்துக்காரர். மேட்டில் இருக்கும்வரை கடலையை அசைக்க ஏலாது. ஆகவே முந்திரி ஓடுவதுபோல் நடித்தது. கடலை நம்பி இறங்கியது. முடிந்தது கதை.

மாடித் தரை கிறீச். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"மேலே எத்தனை பேர்?"

"ஒரு ஆள். ஒரு படைக்குச் சமம்."

எழுந்தார். கோட்டு, தொப்பி. படியடியில் நின்று, சுபா சொல்லிக்கொடுத்த தமிழில், உரத்து: "நான் போறன்!"

தட தட தட. மனோ! பட்டுச்சேலையில்!

"ஐயோ, சாப்பிடாமல் போறதோ? அதோட, 'போறன்' எண்டு சொல்லக்கூடாது. 'வாறன்' எண்டு சொல்லுங்கோ!"

"வாறன்," என்றார் சம்பந்தி. தொப்பியைக் கழற்றிவிட்டு நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்தார்.

சுபா இப்போதுதான் அழுதாள்.

இறங்காதவளுக்குப் பட்டுச்சேலை எதற்கு என்று நான் கேட்கவில்லை. இருபத்தாறு வருட அனுபவம்.

15 ஞாயிறு

மறுபடி தூறல். என் இடது கால் வீக்கம் (சுபா மிதித்தது).

மனோ: "பாவம், கத்தரிக்காய்க் குழம்பு மூண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவர். வாற ஞாயிறு பெடியனையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னனான். நீங்கள் சரித்திரம் கதைக்கப்படாது."

கூட்டும்போது சோபாவுக்கடியில் ஒரு கடலை அகப்பட்டது அவளுக்கு.

"இதென்னப்பா?"

"சுவீடன்காரன். தப்பி ஓடினவன்."

"விசர்க்கதை," என்று வாயில் போட்டுக்கொண்டாள்.