பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாய்

இன்று காலை வேலையிடத்தில் புதுக் கையுறைப் பெட்டியைப் பிரித்தேன். அந்த ரப்பர் வாசனையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. விமான நிலையத்தில் ஊரார் பெட்டிகளையெல்லாம் தூக்கிச் சோதித்துவிட்டு, அதே வாசனைக் கையால் எனக்குப் புளியோதரை எடுத்து வைப்பாய். "கழுவிட்டேன்டி, மூஞ்சிய சுளிக்காத" என்பாய். கலிஃபோர்னியாவில், சன்னிவேலிலிருந்து ஒரே காரில் போய் வந்த அந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன.

ஈராக் போர் தொடங்கவிருந்த நேரம் அது. நம்மைப் போன்ற சோதனைப் பணியாளர்களுக்குச் சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமை கிடையாது என்று உத்தரவு வந்தது. போர்க்காலம், நாட்டுப் பாதுகாப்பு என்றார்கள். "பொட்டி தூக்கி என் இடுப்பு போனா நாட்டுக்கு என்னடி பாதுகாப்பு?" என்று நீ சங்க உறுப்பினர் படிவங்களோடு ஆள் சேர்க்கக் கிளம்பிவிட்டாய். நான், மேலதிகாரிக்குப் புரியக் கூடாதென்று தமிழில் கையெழுத்துப் போட்டேன். அங்கே தமிழர்கள் நாம் இருவர் மட்டும்தான் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. நீ சிரித்த சிரிப்பில் ஃப்ரீவேயில் காரை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

உன் இடுப்பு நிஜமாகவே போனது. பளு தூக்காத வேலை கேட்டாய். முரண்டு பிடிப்பதாகச் சொல்லி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். உனக்காகப் பேசச் சங்கத்துக்கு உரிமையில்லை. "நீ சும்மா பக்கத்துல வந்து உக்காருடி, போதும்" என்றாய். என் கணவருக்கு வேலை போயிருந்த சமயம்; வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. "டேகேர்ல குழந்தைய பிக்கப் பண்ணணும்" என்றேன். டேகேர் மூட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அது உனக்கும் தெரியும்.

தனியாகப் போனாய். வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தாய். அதன் பிறகும் என் பெண்ணின் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் வந்தாய். நான் வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு சங்கத்துக்கு அந்தப் பேரம் பேசும் உரிமை கிடைத்தது. நீ கண்ணை மூடியபின், இப்போது மறுபடியும் பாதுகாப்பு என்று சொல்லி அதைப் பறிக்கப் பார்க்கிறார்கள். போன வாரம் என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ பெண்மணியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். நீங்கள் எதற்கு என்று கேட்டார் அதிகாரி. சும்மா பக்கத்தில் உட்காரத்தான் என்றேன். வெளியே போகச் சொன்னார். முடியும்வரை அறை வாசலிலேயே நின்றேன். என் வேலையும் போகுமோ என்று பயமாகத்தான் இருந்தது. அன்றைக்கும் இவ்வளவு பயம்தான் இருந்தது. உன்னோடு வந்திருக்கலாம்.